குடுமியான்மலைக்குப் போகும் சைக்கிள் தடம்

விடுமுறை நாட்களின் விடியற்காலையில் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கிளம்பும் சைக்கிள் குழுக்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்குப் பகுதி மெல்ல மெல்லப் பழக்கமாகிவருகிறது. கனத்த டயர்களும், பல பல்சக்கரங்களும், அதிர்வைத் தாங்கும் முன்கவையும் கொண்ட ‘மவுண்டன் பைக்’குகள், தலைக்கவசம், போன தூரத்தையும் இதயத்துடிப்பையும் அளக்கும் கைக்கருவி. நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர் என்று ஊர்களைக் கோத்து இவர்களுக்காக ஒரு சைக்கிள் சுற்றுப்பாதை அமைத்தால் என்ன என்ற யோசனை இயல்பாகவே எழுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பாதை யாருடையது என்ற கேள்விக்கு விடை சொன்ன பிறகே அதை வரைபடத்தில் வரைய வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் குடுமியான்மலைக்குப் போகும் சைக்கிள் தடம் இனிமேல்தான் போடப்பட வேண்டும் என்றில்லை. அது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே போடப்பட்டுவிட்டது. போட்டவர்கள் பெண்கள்.

அதற்கு வருமுன் இந்த மலைச் சைக்கிளின் பூர்வோத்திரத்தைச் சற்றுப் பார்த்துவிடலாம். 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள் சிலர் பழைய பருத்த டயர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, அவற்றில் ஏறி மலைச்சரிவின் மண்பாதைகளில் கீழ்நோக்கிப் பாய்ந்தார்கள். 1976 அக்டோபரில் அங்கே ‘ரீபேக்’ என்ற பந்தயம் தொடங்கியது. அந்தப் பெயருக்கு ஒரு காரணம் உண்டு. சரிவு முழுவதும் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கியதில் பின்சக்கரக் குடத்திலிருந்த கிரீஸ் கொதித்துப் புகையாகிவிடுமாம். ஒவ்வொரு ஓட்டத்திற்குப் பிறகும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிட்சி முதலியோரின் கைகளில் அந்த விளையாட்டு தனி வகைச் சைக்கிளாக உருவெடுத்து, பிறகு உலகளாவிய தொழிலாக வளர்ந்தது. ஆக, தார் போடாத பாதையில் ஓட்டுவது அவர்களுக்கு ஒரு கண்டுபிடிப்பு. நமக்கோ அது கண்டுபிடிப்பு அல்ல, கதியின்மை. இருபத்தெட்டு அங்குலச் சக்கரமும், இரும்புக் கேரியரும், கம்பி பிரேக்கும் கொண்ட சாதாரணச் சைக்கிள் வரப்பிலும் வண்டித்தடத்திலும் கண்மாய்க் கரையிலும் ஓடிய காலத்தில் அதற்கு யாரும் விளையாட்டு என்று பெயர் வைக்கவில்லை.

இனி நிலத்தைப் பார்ப்போம். குடுமியான்மலை என்ற பெயரில் மலை இருந்தாலும் ஊர் இருப்பது சமவெளியில். மலை என்பது அங்கே ஒரு பாறைக்குன்று. புதுக்கோட்டையிலிருந்து மேற்கே சுமார் இருபது கிலோமீட்டர். வடமேற்காகப் போனால் சித்தன்னவாசல், அதையடுத்து அன்னவாசல். அங்கிருந்து தென்மேற்காகத் திரும்பினால் குடுமியான்மலை. பிறகு கிழக்கு நோக்கி மீண்டும் புதுக்கோட்டை. சுமாரான கால் வலிமை உள்ள எவரும் ஒரு நாளில் நிதானமாகச் சுற்றிவரக்கூடிய வளையம் இது. செம்மண்ணும் சரளையும் கலந்த தரை. திடீர் திடீரென்று தரையைப் பிளந்துகொண்டு எழும் மொட்டைப் பாறைகள். பாறையிலிருந்து வழியும் மழைநீரை வாங்கிக்கொள்ளும் கண்மாய்கள், ஊருணிகள், ஏந்தல்கள், அவற்றின் கரைகள். தெற்கே இறங்கினால் வெள்ளாறு. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடந்து, வடகிழக்குப் பருவமழையில் மட்டும் தான் ஆறு என்பதை நினைவூட்டும் ஆறு. அதற்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு என்று பழைய எல்லை வகுத்திருந்தார்கள். சோழ பாண்டிய அரசுகளின் அதிகாரம் இந்த ஆற்றங்கரையில் எத்தனையோ முறை கைமாறியிருக்கிறது.

இந்த நிலத்தைக் காரில் கடப்பவருக்கு அது வெறும் பொட்டல். நடப்பவருக்கு அது முடிவற்ற வெயில். சைக்கிளின் வேகம்தான் இதற்குச் சரியான வேகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பாறை கண்ணில் பட்டு, அது வளர்ந்து, அதன் சரிவில் ஒரு குடைவரை இருப்பது தெரிந்து, அதை நாம் கடப்பதற்குள் ஒரு எண்ணம் முழுமையடைய நேரம் இருக்கிறது. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளையும் தமிழி எழுத்துகளையும் பார்த்துவிட்டு, அறிவர் கோயிலின் விதானத்துத் தாமரைக் குளத்தையும் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறினால், அடுத்த ஊருணியின் தாமரை இலையைப் பார்க்கும்போது பழைய ஓவியம் இன்னும் கண்ணுக்குள் ஈரமாகவே இருக்கும். பேருந்தில் போனால் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு டீக்கடையும் ஒரு திரைப்படப் பாட்டும் புகுந்துவிடும்.

குடுமியான்மலையில் நாம் போய் நிற்க வேண்டிய இடம், இவ்வலைப்பக்கத்தின் வாசகர்கள் அறிந்ததே. சிகாகிரீசுவரர் கோயிலை ஒட்டிய பாறையில், மேலைக்கோயில் என்னும் குடைவரைக்குப் பக்கத்தில், ஒரு இசைக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்து, ஏழு பிரிவுகள், பிரிவு பிரிவாக ஸ்வரக் கோவைகள். அதை மகேந்திரவர்மன் வெட்டுவித்தான் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். பிற்கால ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. அந்த வழக்கு இங்கே நமக்குத் தேவையில்லை. நமக்கு வேண்டியது அதன் இறுதியில் சொல்லப்படும் செய்தி: உருத்திராசாரியரின் மாணவனும் பரம மாகேசுவரனுமான ஓர் அரசன், மாணாக்கரின் நன்மைக்காக இதைச் செய்வித்தான் என்பது. அதாவது அது வெற்றிப் புகழ்ச்சியோ கொடைப் பத்திரமோ அல்ல. அது ஒரு பாடம். கற்பவருக்காகக் கல்லில் எழுதிவைத்த பாடம்.

அதே ஊரின் கல்லில் இன்னொரு பாடமும் நடந்தது. அதற்குத்தான் கல்வெட்டு இல்லை.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு வகுப்புகளை நடத்தப் பெண் தொண்டர்கள் ஊர் விட்டு ஊர் போக வேண்டியிருந்தது. படிக்க வரும் பெண்களுக்கும் போக்குவரத்து ஒரு பெரும் தடையாக இருந்தது. அ, ஆ கற்பிக்கும் இயக்கம் சைக்கிள் ஓட்டவும் கற்பிக்க முடிவுசெய்தது இந்தப் பின்னணியில்தான். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்தார்கள். வட்டாரம்தோறும் இலக்கு வைத்துப் பயிற்சி நடத்தினார்கள். கூலி வேலை செய்பவர்கள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் என்று பல்லாயிரக்கணக்கான பெண்கள் திடல்களிலும் தெருமுனைகளிலும் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார்கள். 1992இல் ஒரே வாரத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொது நிகழ்ச்சிகளில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். 1996இல் வெளிவந்த அவருடைய ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்’ நூலில் இதைப் பற்றிய பகுதி இருக்கிறது. மைய அரசின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் அது பாடமாகவும் இருந்தது. வட இந்தியக் குழந்தைகள் புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிளைப் பற்றி இந்தியில் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பதிவில் குடுமியான்மலை பெயரோடு வருகிறது. அங்குள்ள கல்குவாரியில் வேலை செய்த ஓர் இளம்பெண், அறிவொளித் தொண்டருமாக இருந்தவர், உடன் வேலை செய்யும் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். காரணம் எளியது. அவர்களுடைய ஊர்கள் பெரிய சாலையிலிருந்து விலகியிருந்தன. சைக்கிள் தெரிந்தால் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வரலாம். மாணாக்கரின் நன்மைக்காகப் பாறையில் எழுதிய அரசனுக்கும், பாறை உடைத்த கையோடு ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொடுத்த அந்தப் பெண்ணுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் இடைவெளி. நோக்கம் ஒன்றுதான்.

சைக்கிள் என்ன பெரிய விடுதலை என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். அன்றைய கிராமத்தில் ஒரு பெண் அடுத்த ஊருக்குப் போக வேண்டுமென்றால் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவோ அண்ணனோ கணவனோ மனம் வைக்க வேண்டும். சைக்கிள் இந்த இரண்டு காத்திருப்புகளையும் ஒரே நாளில் ஒழித்தது. தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டலாம். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகலாம். வேலை முடிந்து குழந்தை தூங்குவதற்குள் வீடு திரும்பலாம். பெண்களுக்கான சைக்கிளை விட ஆண்கள் சைக்கிளையே சிலர் விரும்பியதற்குச் சொன்ன காரணம் என்னை மிகவும் கவர்ந்தது: நடுவில் உள்ள பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் சூசன் பி. அந்தோணி, பெண் விடுதலைக்கு மற்ற எதையும் விட அதிகமாகச் சைக்கிள் உதவியிருக்கிறது என்ற கருத்தைச் சொன்னார். அவர் கண்டது நகரத்துப் பெண்களை. அதை நூறாண்டுகள் கழித்து, கேலியையும் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, செம்மண் சரளையில் மெய்ப்பித்தவர்கள் புதுக்கோட்டைக் கூலிப் பெண்கள்.

இதை வெறும் மலரும் நினைவாகப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. பின்னால் நடந்தவை இதன் பொருளை உறுதிசெய்கின்றன. தமிழகத்தில் 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கி, பிறகு மாணவர்களுக்கும் விரிவாக்கினார்கள். பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. பீகார் திட்டத்தைப் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவு: உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்களின் அளவு 32 விழுக்காடு உயர்ந்தது, இதில் ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது. பள்ளி தொலைவாக இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதி. பள்ளிக்கூடத்தின் தூரத்தைக் குறைப்பதற்குப் பள்ளிக்கூடத்தை நகர்த்த வேண்டியதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஆனால் சைக்கிள் கொடுத்தால் போதுமா? அதை ஓட்டச் சாலை வேண்டாமா? நான் சொல்லவரும் விஷயம் இங்கேதான் இருக்கிறது.

இந்த முப்பது ஆண்டுகளில் சாலைகள் அகலமாயின, வழுவழுப்பாயின. கூடவே அவை சைக்கிளுக்கு அந்நியமாயின. மண்பாதையில் பயமில்லாமல் ஓட்டிய பெண்ணின் பேத்தி, தார்ச்சாலையின் விளிம்பில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறாள். இந்த மாவட்டத்தின் பாறைகள் இன்று கிரஷர்களில் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் பொடிந்து டிப்பர் லாரிகளில் போகின்றன. முன்பு அறிவொளிக் காலத்தில் குவாரிகளையே பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டுப் பார்த்த மாவட்டம் இது. இன்றைய குவாரித் தொழிலின் முகம் வேறு. 2025 ஜனவரியில் திருமயம் பகுதியில், சட்டவிரோதக் குவாரிகளுக்கு எதிராகப் புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி, டிப்பர் லாரி மோதி உயிரிழந்தார். காவல்துறை அதைக் கொலை வழக்காகப் பதிந்து குவாரித் தொழிலோடு தொடர்புடையவர்களைக் கைதுசெய்தது. அது ஒரு தனிக் குற்றம். அதன் தீர்ப்பை நீதிமன்றம் சொல்லும். அந்த லாரி ஓடும் சாலையில்தான் பள்ளிக்கூடச் சைக்கிளும் ஓட வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் நாம் மறக்கக் கூடாது.

நிழல் இன்னொரு விஷயம். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இம்மாவட்டத்து மரங்களைச் சாய்த்துப்போட்டது. காட்டு நிலத்தில் பெரும்பகுதியைத் தைலமரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. தைலமரம் உயரம் தரும், நிழல் தராது. கண்மாய்க் கரைகளில் சீமைக்கருவேலம். அதன் முள் எந்தக் கனத்த டயரையும் மதிப்பதில்லை. கரைவழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

‘இப்போது யாருக்கு ஐயா சைக்கிள் வேண்டும்? பெண்கள் ஸ்கூட்டரில் பறக்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போகிறார்கள்’ என்று ஒரு மறுப்பு உண்டு. நியாயமான மறுப்பு. ஸ்கூட்டரும் கட்டணமில்லாப் பேருந்தும் அந்த 1992இன் வாரிசுகள் என்றுதான் நான் நினைக்கிறேன். சைக்கிளில் ஏறிய காலே ஸ்கூட்டரில் ஏறியது. ஆனால் ஸ்கூட்டருக்குப் பெட்ரோலும் உரிமமும் தவணைப் பணமும் வேண்டும். பேருந்துக்கு நேரம் உண்டு, அது நிற்கும் இடமும் உண்டு. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு, தன் விருப்பப்படி கிளம்பித் தன் விருப்பப்படி திரும்ப, சட்டப்படி கையில் உள்ள ஒரே வாகனம் இன்றும் சைக்கிள்தான். 1995இல் சுமார் 1,400 ரூபாய் இல்லாததால் சைக்கிள் வாங்க முடியாமல் நின்ற பெண்கள் இருந்தார்கள். இன்று அரசு சைக்கிளைக் கொடுத்துவிடுகிறது. ஓட்டும் இடத்தைப் பறித்துக்கொள்கிறோம்.

ஆற்றங்கரைச் சைக்கிள் பாதை என்றதும் உலகமே டான்யூப் நதியைச் சொல்லும். ஜெர்மனியின் பாஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், ஏற்றம் அதிகமில்லாத கரைப்பாதை. ஆண்டுதோறும் பயணிகள் திரள்கிறார்கள். அந்தப் பாதையின் பல பகுதிகள் பயணிகளுக்காகப் போடப்பட்டவை அல்ல. நதியின் எதிரோட்டத்தில் படகுகளைக் குதிரைகள் கயிறு கட்டி இழுத்துப்போன தடம் அது. உழைப்பவர்கள் உண்டாக்கிய தடத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். உல்லாசம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. முறை இதுதான். உல்லாசத்துக்கென்று தனியாகப் போட்ட பாதை, திறப்பு விழாப் பலகையோடு துருப்பிடித்துப்போவதை நம் ஊர்ப் பூங்காக்கள் பலவற்றில் பார்க்கலாம்.

எனவே புதுக்கோட்டை, சித்தன்னவாசல், குடுமியான்மலை வட்டத்தில் சைக்கிள் தடம் அமைக்க நினைப்பவர்களுக்கு என் விண்ணப்பம் இவ்வளவுதான். முதலில் அன்னவாசல், குடுமியான்மலைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் எந்தெந்த வழியில் வருகிறார்கள் என்று கேளுங்கள்; அதையே தடமாக வையுங்கள். பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அந்தச் சாலையில் டிப்பர்கள் ஓடாமல் தடுங்கள். கண்மாய்க் கரைகளில் கருவேலத்தை அகற்றி, சைக்கிள் போகும் அகலத்துக்குச் சரளை பரப்புங்கள். தார் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். புளியும் புங்கமும் வேம்பும் நடுங்கள். ஊருக்கு ஒரு பஞ்சர் கடை நிலைக்கும்படி பாருங்கள். காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் இம்மாவட்டத்துக் குன்னத்தூரில்தான் அடிக்கல் நாட்டினார்கள். அதன் முதல் கட்டம் மாயனூரிலிருந்து தெற்கு வெள்ளாறு வரை 118 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்டது. கால்வாய்க் கரைக்கு எப்படியும் ஒரு பராமரிப்புச் சாலை வேண்டும். அதைச் சைக்கிளுக்கும் திறந்துவிட்டால் வெள்ளாற்றுச் சமவெளிக்குப் பெரிய செலவில்லாமல் ஒரு நீண்ட தடம் கிடைத்துவிடும். இவ்வளவும் செய்தால் மலைச் சைக்கிள்காரர்களுக்குத் தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை. பள்ளிச் சிறுமிக்குப் பாதுகாப்பான பாதை அவர்களுக்கு இன்பமான பாதையாகவே இருக்கும். இதைத் தலைகீழாகச் செய்தால் இருவருக்கும் பயனில்லை.

நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்களிடமும் ஒரு வார்த்தை. கல்வெட்டைத் தேடிப் போகிறோம், ஓவியத்தைத் தேடிப் போகிறோம். படம் எடுத்துக் கட்டுரை எழுதுகிறோம். நல்லது. ஆனால் ஒரு மாவட்டத்துப் பெண்கள் இரண்டே ஆண்டுகளில் தங்கள் உடம்பையும் தெருவையும் மீட்டுக்கொண்ட நிகழ்ச்சி, நம் கதைகளிலும் நாவல்களிலும் பெற்றிருக்கும் இடம் மிகச் சிறிது. அறிவொளிக் காலத்தை ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ நூலில் எழுதினார். அத்தகைய எழுத்து இன்னும் பல வேண்டும். அன்று இருபது வயதில் ஓட்டக் கற்றவர்களுக்கு இப்போது ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு வயதிருக்கும். கேட்டால் சொல்லும் வயது. இன்னும் இருபது ஆண்டுகள் கழித்துக் கேட்கப் போனால் பாறையிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். பாறைக்கு இந்தப் பாடத்தை யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டுக்கு ஒரு அறிவிப்புப் பலகை வைப்பதில் யாருக்கும் தடையிருக்காது. சைக்கிள் தடம் என்று ஒன்று வருமானால் அதன் தொடக்கத்தில் இன்னொரு பலகையும் வைக்கட்டும்: 1992இல் இவ்வூர்க் கல்குவாரியில் பெண்கள் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள் என்று. அதைப் படித்துவிட்டு ஏறி மிதிப்பவர் எவ்வளவு விலையுயர்ந்த சைக்கிளில் வந்திருந்தாலும், தனக்கு முன்னால் இந்த வழியில் யார் போனார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போவார்.